சற்குணம் சிஸ்டர் உகாண்டா போகிறார்

அந்த நாற்காலியில உக்காராதீங்க தம்பி, கால் ஆடுது. இப்படி வாங்க, இங்க உக்காருங்க. மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டாச்சா? அப்ப இன்னும் அரை மணி நேரம் இங்கயேதான் இருக்கணும். தலை சுத்துதா, மயக்கம் வருதான்னு பாத்துட்டுத்தான் வெளிய விடுவாங்க. எனக்கும் இப்பதான் போட்டா அந்தப் பொண்ணு. ஊசியைப் பிடிக்கிற பிடியே சரியில்ல. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

நீங்க எந்த நாட்டுக்கு? காங்கோவா? அங்க என்ன வேலை? பிளாஸ்டிக் கம்பெனி. நல்லது. நான் உகாண்டா. பரவாயில்ல, சிரிச்சுக்குங்க, எங்க தெருவுலயும் எல்லாரும் முதல்ல சிரிக்கத்தான் செஞ்சாங்க. ஒரு வருஷம் போறேன். சம்பளம் கிடையாது, சேவை. அங்க ஒரு தொண்டு நிறுவனம் ரெண்டு ஊர்ல பிரசவ ஆஸ்பத்திரி நடத்துது. பக்கத்துலயே தாய் இல்லாத குழந்தைங்களை வச்சு வளக்கறாங்க. ரெண்டுலயும் ஒத்தாசைக்கு ஆள் வேணுமாம்.

இந்த வயசுல எவ்வளவு பெரிய மனசுன்னு சொல்றீங்க பாருங்க, அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. நானும் தலையாட்டிக்கிட்டு இருக்கேன். உங்ககிட்ட என்ன, இந்த அரை மணி போனா நீங்க காங்கோ, நான் உகாண்டா. உண்மையையே சொல்லிடறேன். என் பையன் மூக்கை உடைக்கத்தான் போறேன். அவன் மூக்கையும் அவன் பொண்டாட்டி மூக்கையும்.

என் பேரு சற்குணம். திருச்சிப் பக்கம். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். முக்கால்வாசி சர்வீஸ் பிரசவ வார்டுதான். எங்க ஊர்ல இன்னிக்கு மீசையை முறுக்கிக்கிட்டு புல்லட்ல சுத்துறவன் பாதிப் பேரு என் கையில வழுக்கி விழுந்தவன். கவுன்சிலர் உட்பட. அவன் பொறக்கும்போதே அடம், வரமாட்டேன் வரமாட்டேன்னு. டாக்டர் வண்டியை நிறுத்திட்டு உள்ள வர்றதுக்குள்ள குழந்தையைத் துடைச்சு எடை போட்டு வச்சிருப்பேன். அப்படிப்பட்டவளுக்கு, தம்பி, அப்படிப்பட்டவளுக்கு சொந்தப் பேரனைத் தொட்டுத் தூக்கக் குடுத்து வைக்கல.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன்.

ஒரே பையன், நவநீதன். அவன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னாடியே அவங்கப்பா போயிட்டாரு. வார்டுல நின்னு நின்னு கால் வீங்கி அவனைப் படிக்க வச்சேன். இப்ப சிகாகோவுல இருக்கான். பொண்ணு நான் பாத்ததுதான், தாரணி. சாந்தமான குடும்பம். அவங்கப்பா வேலாயுதம், மின்வாரியத்துல இருந்தவரு, எறும்பைக் கூட ஓரமா போன்னு கேட்டுக்கிட்டு நடக்கற மனுஷன். பொண்ணும் அப்படித்தான், பேசுனா பக்கத்துல இருக்கறவங்களுக்கே கேக்காது.

அமெரிக்காவுல பிள்ளைங்க இருக்கற வீட்டுல ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். குழந்தை பொறக்கப் போகுதுன்னா முதல்ல பொண்ணோட அம்மா போகணும். அவங்க ஆறு மாசம் இருந்துட்டுக் கிளம்புறப்ப பையனோட அம்மா போய் இறங்கணும். டூட்டி மாத்திக்கற மாதிரிதான். எங்க தெருவுலயே அப்படிப் போயிட்டு வந்தவங்க இருக்காங்க. திரும்பி வந்து ஆளுக்கு நாலு பாதாமும் ஒரு சாக்லேட்டும் குடுத்துட்டு, அங்க குழாய்த் தண்ணியையே குடிக்கலாம்னு வருஷம் பூரா பேசுவாங்க.

தாரணி முதல் தடவை முழுகாம இருந்தப்ப நவநீ கூப்பிட்டான். 'அம்மா, நீங்களும் அத்தையும் ரெண்டு பேருமே விசா எடுத்துருங்க'ன்னான். எடுத்தேன். பத்து வருஷத்துக்குக் குடுத்துட்டான் தம்பி. ஸ்வெட்டர் வாங்கினேன், ஷூ வாங்கினேன். ஷூ போட்டு வீட்டுக்குள்ளயே நடந்து பழகினேன். வார்டுல எல்லாரும் சேர்ந்து எனக்கு சால்வை போத்தி, கேக் வெட்டி, லீவ்ல போறதுக்கே ரிட்டயர்மென்ட் மாதிரி பண்ணிட்டாங்க. பிரசவ லேகியம் நானே கிண்டினேன். சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடிச்சு, கருப்பட்டிப் பாகுல போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு. கை வலி ஒரு வாரம் போகல.

சம்பந்தியம்மா போறதுக்கு முன்னாடி, அவங்க பேரு பத்மாவதி, எங்க வீட்டுக்கு வந்து அந்த லேகியத்தை வாங்கிட்டுப் போனாங்க. 'நீங்க அப்புறமா வர்றீங்கதானே'ன்னு சிரிச்சுக்கிட்டே பையில வச்சாங்க. ஆறு மாசம் ஆச்சு. 'அம்மா, இங்க இப்ப பனி, உங்களுக்கு மூட்டு வலி வரும், அத்தையே இன்னும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கட்டும்'னான். பனி போச்சு. 'டேகேர்ல இடம் கிடைச்சிருச்சும்மா, நீங்க எதுக்கு சிரமப்படணும், அடுத்த தடவை கண்டிப்பா நீங்கதான்'னான். லேகியம் கூட அமெரிக்கா போச்சு தம்பி. நான் போகல.

காய்கறிக்காரன் கேக்கறான், 'சிஸ்டர், எப்ப ஏறுறீங்க?' பால்காரன் கேக்கறான். சால்வை போத்தினவங்க கேக்கறாங்க. நான் தெருவுல நடக்கற நேரத்தையே மாத்திக்கிட்டேன். எனக்கு வந்த அவமானம் யாருக்கும் வரக் கூடாது.

போன்ல காட்டுவாங்க பேரனை. நான் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? 'தலையைப் பிடிடி, தலையைப் பிடி! இப்படியா தூக்குவாங்க, அறிவிருக்கா உனக்கு'ன்னு நல்லதுக்குத்தான் சொல்லுவேன். அதுக்குள்ள கட் ஆயிரும். அமெரிக்காவுல நெட் இவ்வளவு மோசமா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. நான் ரெண்டு வார்த்தை பேசினா போதும், படம் அப்படியே நின்னுரும்.

என்ன காரணம்னு நான் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன். நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்ல தம்பி. கல்யாணமான புதுசுல கூட தாங்கினேன். ஒரு தடவை எனக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கிட்டு வார்டுக்கே வந்தா. அன்னிக்குப் பாத்து ஒரு பொண்ணு, முதல் பிரசவம், ஊரே கேக்கற மாதிரி கத்துது. நான் வழக்கம்போல, 'புருஷன்கிட்டப் போறப்ப இனிச்சுச்சு, இப்ப கசக்குதா? வாயை மூடிக்கிட்டு முக்கு'ன்னு சொல்லி தொடையில ஒண்ணு வச்சேன். எல்லா சிஸ்டரும் சொல்றதுதான், எங்க சீனியர் எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுதான். அப்படிச் சொன்னாத்தான் பயந்து முக்குவாளுங்க. கொஞ்சினா குழந்தை வருமா? திரும்பிப் பாத்தா வாசல்ல தாரணி. டிபன் கேரியரை ஸ்டூல் மேல வச்சுட்டுப் போயிட்டா. ரத்த வாடை சிலருக்கு ஆகாது, பாவம்னு நெனச்சு சாயங்காலம் அவளுக்கு எலுமிச்சை ஜூஸ் போட்டுக் குடுத்தேன். அவ்வளவு அக்கறையா இருந்தவ நான்.

ஏம்மா, அந்த ஃபேனை நிறுத்தாத! இங்க ஊசி போட்டவங்க உக்காந்திருக்கோம். நீங்க கையைத் தேய்க்காதீங்க தம்பி, வீங்கும்.

இந்த வருஷம் தை மாசம் என் ஓரகத்தி ஒரு சேதி சொன்னா. தாரணி மறுபடி முழுகாம இருக்காளாம். எனக்கு அவளோ அவனோ சொல்லல, என் ஓரகத்தி சொல்றா! பின்னாடியே இன்னொரு சேதியும் வச்சிருந்தா. சம்பந்தியம்மா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகியிருக்கு, விமானமெல்லாம் இப்போதைக்கு ஏற முடியாது. எனக்குக் கெட்ட மனசு இல்ல. நேர்ல போய்ப் பாத்து ஆரஞ்சு குடுத்துட்டுத்தான் வந்தேன். ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஸ்ட்ராங்கா ஒரு காபி போட்டு, ஊஞ்சல்ல உக்காந்து, நிதானமாக் குடிச்சேன். அந்த மாதிரி காபி என் ஆயுசுல குடிச்சதில்ல.

ஏன்னா இப்ப அவன் என்னைத்தானே கூப்பிடணும்? வேற ஆள் யாரு இருக்கா? விசா என்கிட்ட இருக்கு. ரிட்டயர் ஆகி சும்மா இருக்கேன். கூப்பிடுவான். கெஞ்சுவான். அப்ப முடியாதுன்னு சொல்லணும். வெறும் முடியாதுன்னா ருசி இல்ல. அவன் வாயடைச்சுப் போற மாதிரி ஒரு காரணம் வேணும். உடம்பு சரியில்லன்னா பரிதாபமாப் போயிரும். கோயில் குளம்னா தள்ளிப் போடுங்கம்மாம்பான்.

அந்த நேரத்துலதான் மாடி வீட்டுல சண்டை. மாடியில குடியிருக்கறவங்க பொண்ணு யாழினி, காலேஜ் முடிச்ச பிள்ளை. அது ஒரு வருஷம் உகாண்டா போறேன்னு நிக்குது, அவங்கம்மா தரையில உருண்டு அழுவுறா. நான் சமாதானம் பண்ண மேல போனேன். அந்தப் பிள்ளை சொல்லுச்சு, இதுக்குப் பேரு கேப் இயராம். படிப்புக்கும் வேலைக்கும் நடுவுல ஒரு வருஷம் எங்கயாவது வெளிநாடு போய் சம்பளமில்லாம உழைச்சுட்டு வர்றது, வெள்ளைக்காரப் பிள்ளைங்க எல்லாம் செய்யறதாம். 'பெரியவங்களும் போகலாம் ஆன்ட்டி. நர்ஸுன்னா கையைப் பிடிச்சு இழுத்துக்குவாங்க'ன்னுச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. படிப்புக்கும் வேலைக்கும் நடுவுல அவளுக்குக் கேப்புன்னா, வேலைக்கும் சுடுகாட்டுக்கும் நடுவுல எனக்கு இல்லையா?

சொந்தப் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட வாங்கன்னு அவன் கெஞ்சறப்ப, நான் ஆப்பிரிக்காவுல யாரோ பெத்த குழந்தைங்களைக் குளிப்பாட்டப் போறேன்னு சொல்லணும். யோசிச்சுப் பாருங்க, எப்படி இருக்கும்! கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். 'சாரிப்பா, அங்க தாயில்லாத பிள்ளைங்க என்னை எதிர்பாத்துக்கிட்டு இருக்கு. உன் பிள்ளைக்குத்தான் டேகேர் இருக்கே.' அந்த 'டேகேர் இருக்கே'ங்கற இடத்துல குரலை இறக்கணும். கோபமாச் சொல்லக் கூடாது, சாந்தமாச் சொல்லணும். அப்பதான் தைக்கும்.

பேரைக் குடுத்தேன். உடனே எடுத்துக்கிட்டாங்க. சென்னையில பயிற்சி. எல்லாம் மீசை முளைக்காத பசங்களும் யாழினி மாதிரிப் பொண்ணுங்களும். ஆளுக்கு ஒரு பை, முதுகுல ஆளுயரத்துக்கு. நான் மட்டும் ட்ரங்குப் பெட்டியோட. வட்டமா உக்கார வச்சு, எதுக்கு வந்தீங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டாங்க. ஒருத்தன் உலகத்தைப் புரிஞ்சுக்கன்னான். ஒருத்தி தன்னையே தேடிக்கிட்டு வந்தேன்னா. எங்க தொலைச்சாளோ. நான் கண்ணை மூடிக்கிட்டு, 'குழந்தைங்கன்னா எனக்கு உசிரு'ன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. பழிவாங்கன்னு சொன்னா தட்டுவாங்களா?

அப்புறம் நாடகம் மாதிரி ஒரு பயிற்சி. ஒரு பையன் வயித்துல தலகாணியைக் கட்டிக்கிட்டு பிரசவ வலியில கத்தறான், நான் போய் பாக்கணும். நான் என் பாட்டுக்கு நம்ம வார்டு வசனத்தை எடுத்து விட்டேன், தொடையிலயும் ஒண்ணு வச்சேன். அந்தப் பையன் நிஜமாவே கத்திட்டான். பயிற்சி குடுக்கற பொண்ணு முகம் வெளுத்துப் போச்சு. 'சிஸ்டர், அங்க இப்படிப் பேசினா அன்னிக்கே திருப்பி அனுப்பிருவாங்க'ன்னா. முதல்ல அவங்க பேரைக் கேக்கணுமாம். தொடறதுக்கு முன்னாடி தொடவான்னு கேக்கணுமாம். வலிக்கும், நான் கூடவே இருக்கேன்னு சொல்லணுமாம். கையைப் பிடிச்சுக்கணுமாம். சரி, ஊருக்கு ஒரு சட்டம். வீட்டுக்கு வந்து தினம் பழகினேன். மாடி வீட்டு அம்மாவுக்குத் தலைவலின்னா கூட, 'தொடட்டுமாங்க'ன்னு கேட்டுட்டுத்தான் தைலம் தேய்ச்சேன். அவ பயந்துட்டா, எனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு. ஒரு விஷயம் சொல்லணும் தம்பி, குரலை இறக்கிப் பேசினா தொண்டை கட்டறதே இல்ல.

ஒவ்வொண்ணு செய்யறப்பவும் ஃபோட்டோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டேன். கொசுவலை வாங்கினேன், போட்டேன். பூட்ஸ் வாங்கினேன், போட்டேன். உகாண்டா மேப்பை சுவத்துல ஒட்டி அது முன்னாடி நின்னு ஒரு ஃபோட்டோ. அவன் பாக்கணும், பதறணும், ஐயோ அம்மா போயிட்டா பிரசவத்துக்கு யாருன்னு ஓடி வந்து கூப்பிடணும். என் ஓரகத்தி கட்டை விரலைத் தூக்கிக் காட்டறா. எங்க சின்ன மாமா கும்பிடு போடறாரு. இவன் என்ன போட்டான் தெரியுமா? ஒரு சிவப்பு இதயம். கீழ, 'பெருமையா இருக்கும்மா'ன்னு. பெருமையாம்! அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல.

மாசி போச்சு, பங்குனி போச்சு. போன் வருது, வழக்கம்போல ஞாயித்துக்கிழமை வருது. சாப்டீங்களாம்மா, மாத்திரை போட்டீங்களாம்மா. பிரசவத்தைப் பத்திப் பேச்சே காணோம். நானா கேக்கலாமா? கேட்டா அலைஞ்சதா ஆயிராது? சித்திரையில ஒரு நாள் அவனா ஆரம்பிச்சான். 'அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்'னான். வந்துட்டான்யான்னு நிமிர்ந்து உக்காந்தேன். கண்ணாடி பாத்துப் பழகின வசனத்தை நாக்கு நுனியில எடுத்து வச்சுக்கிட்டேன். சொல்றான்: 'தாரணிக்கு ஆடியில டியூ. நீங்க கவலைப்படாம உகாண்டா போய்ட்டு வாங்க. இங்க மாமா வர்றாரு.'

மாமா! எந்த மாமா? வேலாயுதம்! சம்பந்தி! ஆம்பளை! அந்த மனுஷனுக்குப் பால் பொங்குனா அடுப்பை அணைக்கத் தெரியாது. தன் பொண்ணையே அது தவழற வரைக்கும் தூக்க பயந்தவருன்னு சம்பந்தியம்மாவே சொல்லியிருக்காங்க. அவரைக் கூப்பிடறாங்க, என்னைக் கூப்பிடல. முடியாதுன்னு சொல்றதுக்குக் கூட எனக்கு ஒரு வாய்ப்பு தரல தம்பி. உகாண்டாவுக்குப் பேரைக் குடுத்து, எலும்பு தேய பயிற்சிக்கு அலைஞ்சு, ட்ரங்குப் பெட்டியில பூட்ஸை அடுக்கி வச்சிருக்கேன், எல்லாம் அந்த ஒரு முடியாதுக்காக. கேட்டாத்தானே சொல்ல முடியும்? வயிறு எரிஞ்சுது. இன்னும் எரியுது. இந்த ஊசியெல்லாம் அதுக்கு ஒண்ணும் செய்யாது.

இதோட முடியல, கேளுங்க. அடுத்த வாரம் வேலாயுதம் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கறாரு. கையில ஆப்பிள். 'சம்பந்தியம்மா, எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்'ங்கறாரு. எவ்வளவு நெஞ்சழுத்தம்! கதவைச் சாத்தலாம்னுதான் நெனச்சேன். ஆனா அந்த மூஞ்சியைப் பாத்துக் கோபப்பட முடியாது. அதோட, பொறக்கப் போற குழந்தை எனக்கு என்ன செஞ்சுச்சு? உள்ள வாங்கன்னேன்.

துண்டுல அரிசியைக் கொட்டி குழந்தை சைஸுக்குக் கட்டினேன். தலைக்கு ஒரு தேங்காய். கழுத்து நிக்காதுன்னு புரியணுமில்ல. காலை நீட்டி உக்காந்து, குழந்தையைக் கால் மேல குப்புறப் போட்டு ஊத்தணும். அவரால காலை நீட்ட முடியல, தொப்பை இடிக்குது. மணைப்பலகை போட்டேன். தண்ணி ஊத்தறாரு, தேங்காய் உருண்டு முத்தத்துல ஓடுது. 'யோவ், குழந்தை தலை போச்சுய்யா! கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கீங்க? மின்வாரியத்துல எப்படிய்யா உங்களை உசிரோட விட்டாங்க'ன்னு கத்திட்டேன். அவரு கோவிச்சுக்கல. தேங்காயைப் பொறுக்கிட்டு வந்து துடைச்சுக்கிட்டே சிரிக்கறாரு. 'இப்படித்தான் திட்டுவீங்கன்னு பாப்பா சொல்லுச்சு'ன்னாரு. தாரணியைத்தான் அவரு பாப்பாம்பாரு.

'என்ன சொன்னா?'ன்னேன். தயங்கித் தயங்கி சொல்றாரு. 'தப்பா நெனைக்காதீங்க சம்பந்தியம்மா. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு சாப்பாடு எடுத்துட்டு வந்துச்சே, நீங்க அந்தப் பொண்ணைச் சொன்னது பாப்பாவுக்கு இன்னும் காதுலயே இருக்காம். வலி எடுக்கற நேரத்துல அந்தக் குரல் பக்கத்துல இருந்தா தாங்கமாட்டேன்னு அழுவுது. நவநீ தம்பிதான் பாவம், ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டு முழிக்குது.'

கேட்டீங்களா நியாயத்தை? அன்னிக்கு நான் சொன்னது வேற யாரோ ஒரு பொண்ணை. இவளையா சொன்னேன்? இவளுக்கு ஜூஸ் போட்டுக் குடுத்தேன்! அந்தப் பொண்ணுக்கு ஆம்பளைப் பிள்ளை, மூணேகால் கிலோ, ஜம்முன்னு பொறந்துச்சு. அதைச் சொல்ல ஆள் இல்ல. அந்தப் பொண்ணு என்னைப் பத்தி ஒரு குறை சொல்லியிருக்குமா? போறப்ப என் முகத்தைக் கூட நிமிர்ந்து பாக்காம அவ்வளவு மரியாதையாப் போச்சு. சம்பந்திகிட்ட இதைத்தான் சொன்னேன். அவரு மறுபடி காலை நீட்டி உக்காந்துக்கிட்டாரு.

அப்பதான் முடிவு பண்ணினேன் தம்பி. சரி, முடியாதுன்னு சொல்ல விடல இல்ல, வேற வழி இருக்கு. அவருக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தேன். குளிப்பாட்ட, துடைக்க, சாம்பிராணிப் புகையை தூரத்துல வச்சுக் காட்ட, பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்ட, தாய்க்குப் பத்தியம் என்ன, எல்லாம். ஒழுங்காக் கத்துக்கிட்டாரு, தேங்காய் கடைசியில உருளவே இல்ல. ஒண்ணே ஒண்ணைத்தான் சொல்லல.

இந்தப் பச்சைக் குழந்தைங்க சாயங்காலமானா வீல்னு அழும் பாருங்க. பால் குடுத்தாலும் நிக்காது, ஆட்டினாலும் நிக்காது. பெத்தவளுக்குப் பைத்தியம் பிடிச்சிரும். அதுக்கு என்கிட்ட ஒரு கைப்பக்குவம் இருக்கு. உங்களுக்குச் சொல்றேன், உங்க வீட்டுல எப்பவாவது ஆகும். முன்கையை இப்படி நீட்டுங்க. குழந்தையைக் குப்புறப் போடுங்க, கன்னம் முழங்கை மடிப்புல, வயிறு உங்க கையில படியணும். இன்னொரு கை முதுகு மேல. ஆட்டக் கூடாது, தட்டக் கூடாது, அப்படியே மெதுவா நடக்கணும். வாசலுக்கும் கொல்லைக்கும் ஒரு நடை போறதுக்குள்ள அடங்கிரும். வார்டுல எந்தப் பிள்ளை அழுதாலும் சற்குணம் சிஸ்டரைக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாங்க. யாரு கேட்டாலும் சொல்லிக் குடுப்பேன். உகாண்டாவுலயும் சொல்லிக் குடுப்பேன். சிகாகோவுக்கு மட்டும் கிடையாது.

அழட்டும். ஆடி மாசம் பூரா அழட்டும். தாத்தா முழிக்கட்டும், அப்பன் முழிக்கட்டும், குரல் வெளிய வராத அந்த மகராசியும் முழிக்கட்டும். அப்ப என் நெனப்பு வரும். வந்தே ஆகணும். நான் அங்க யாரோ ஒரு குழந்தையைக் கையில குப்புறப் போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டு இருப்பேன். இவன் என் நம்பரைப் போடுவான். 'அம்மா, நிக்க மாட்டேங்குதும்மா'ன்னு கேக்க வருவான். நான் எடுக்கமாட்டேன். அவனைப் பெத்தவ நான்தான், எடுக்கவே மாட்டேன்.

என் பேரைக் கூப்பிடறா, சர்டிபிகேட் ரெடி போல. இருங்க, இதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். உகாண்டாவுல எங்களுக்கு ரெண்டு இடம் காட்டி, எது வேணும்னு கேட்டாங்க. ஒண்ணு ஏரிக்கரையில, ஃபோட்டோவுல பாத்தா கண்ணை எடுக்க முடியாது. யாழினி அங்கதான் போறா. ஆனா அங்க போன்ல சிக்னல் எடுக்காதாம். இன்னொண்ணு மெயின் ரோட்டு மேல, புழுதி, லாரிச் சத்தம். டவர் மட்டும் கொல்லைப் பக்கத்துலயே நிக்குதாம். நான் ரோட்டு மேல இருக்கறதையே கேட்டு வாங்கிக்கிட்டேன். யாழினிக்கு ஒண்ணும் புரியல. 'அவங்க கூப்பிட்டா எடுக்கவே மாட்டேன்னு நீங்கதானே ஆன்ட்டி சொன்னீங்க, அப்புறம் உங்களுக்கு எதுக்கு டவர்'னு கேக்குது. சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்.

எடுக்கமாட்டேன்தான். சத்தியமா எடுக்கமாட்டேன். ஆனா எடுக்காம இருக்கணும்னா, முதல்ல அது அடிக்கணும் இல்ல தம்பி?